பிஷப் இல்லாத சபையில் யார் முடிவு சொல்வது?

கேள்வி இது: "அமெரிக்க பிரெஸ்பிடேரியன் சபையில், தன்பாலீர்ப்பாளர்களை ஆயராக (போதகராக) அபிஷேகம் செய்யலாமா, திருமணம் என்பதற்கு என்ன விளக்கம் என்று நாற்பது வருடம் சண்டை நடந்ததாகப் படித்தேன். தலைமை உட்கார்ந்து ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்காதா? இப்போது அங்கே மறுக்கிற ஆயருக்கு இடம் இருக்கிறதா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. பிரெஸ்பிடேரியன் சபையில் பிஷப்பும் இல்லை, போப்பும் இல்லை. அதனால் பாலுறவு பற்றிய சண்டையாக வெளியே தெரிந்தது, உள்ளே "யார் யாருக்குக் கட்டளையிடலாம்" என்ற சண்டையாகவே ஓடியது. வேதாகம வசனங்களை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படித்தால் பாதிதான் புரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் பிரெஸ்பிடேரியன் என்ற பெயரில் பல சபைகள் உண்டு. 1973ல் தனியாகப் போன பி.சி.ஏ., 1981ல் தோன்றிய இ.பி.சி. இரண்டும் பழமை வழி நிற்பவை. நீங்கள் படித்திருப்பது அவற்றையெல்லாம்விடப் பெரியதான பி.சி.யு.எஸ்.ஏ. பற்றி. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வடக்கு, தெற்கு என்று உடைந்து, 1983ல் அட்லாண்டாவில் மறுபடி ஒன்றான சபை அது. தலைமையகம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம்.

சி.எஸ்.ஐ.யில் வளர்ந்த நமக்கு இந்த அமைப்பு கொஞ்சம் அந்நியம். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் பிரெஸ்பிடேரியன் மரபும் வந்து கலந்தது. எழும்பூரில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கோவிலை இன்றும் 'கிர்க்' என்று சொல்வது அந்த ஸ்காட்லாந்து வாசனைதான். ஆனால் அந்த இணைப்பில் எல்லாரும் பேராயர் முறையை ஏற்றுக்கொண்டோம். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஏற்கவில்லை.

அங்கே அடுக்கு இப்படி. ஒவ்வொரு சபையிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் ஆயரும் சேர்ந்த குழு 'செஷன்'. ஒரு வட்டாரத்துச் சபைகளின் மூப்பர்களும் ஆயர்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் உட்காருவது 'பிரெஸ்பிடரி'. அதற்கு மேலே பல பிரெஸ்பிடரிகள் சேர்ந்த சினாடு, உச்சியில் பொதுப்பேரவை. பேரவையின் தலைவரை மாடரேட்டர் என்பார்கள். கூட்டத்தை நடத்துவதுதான் அவர் வேலை, ஆள்வது அல்ல. மூப்பரையும் டீக்கனையும் அபிஷேகம் செய்வது செஷனின் உரிமை, ஆயரை அபிஷேகம் செய்வது பிரெஸ்பிடரியின் உரிமை. மூன்று பேருக்குமே கைவைத்து ஜெபித்து அபிஷேகம் உண்டு. ஆகையால் அபிஷேகத் தகுதி பற்றிப் பின்னால் வந்த சட்டம் ஆயர்களை மட்டுமல்ல, காணிக்கை எண்ணுகிற மூப்பரையும் தொட்டது.

அமைப்புச் சட்டத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் பொதுப்பேரவை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. அந்த வரி நாடு முழுக்க உள்ள ஏறக்குறைய 170 பிரெஸ்பிடரிகளுக்கும் போகும். பெரும்பான்மைப் பிரெஸ்பிடரிகள் ஆம் என்றால்தான் அது சட்டம். அதாவது ஒரே வாக்கியத்தை, ஒரே வருடத்தில், 170 கூடங்களில் மைக் பிடித்து விவாதிப்பார்கள். தோற்றவர்கள் அடுத்த பேரவையில் அதே வாக்கியத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், கொண்டுவந்தார்கள்.

சண்டையின் விதை 1729லேயே விழுந்தது. அப்போது பிலடெல்பியா சினாடில் ஒரு கேள்வி: சபையின் அடிப்படை நம்பிக்கைகளைத் தொகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைக்கு ஆயர்கள் வரிக்கு வரி கையெழுத்துப் போட வேண்டுமா? ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்திலிருந்து வந்தவர்கள் போட்டே தீர வேண்டும் என்றார்கள். நியூ இங்கிலாந்து மரபில் வந்தவர்களுக்கு அது மனசாட்சியைக் கட்டிப்போடுவதாகத் தெரிந்தது. சமரசமாக வந்ததுதான் 'ஏற்புச் சட்டம்'. அறிக்கையின் இன்றியமையாத பகுதிகளை எல்லாரும் ஏற்க வேண்டும். யாருக்காவது ஏதாவது ஒரு பகுதியில் உறுத்தல் இருந்தால் அதைத் தன் பிரெஸ்பிடரியிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். அது இன்றியமையாததா இல்லையா என்று அந்தப் பிரெஸ்பிடரி தீர்மானிக்கும். எது இன்றியமையாதது என்று பட்டியல் மட்டும் யாரும் போடவில்லை. வேண்டுமென்றே போடாமல் விட்டார்கள் என்பது என் கணிப்பு. 1910லிருந்து 1923 வரை பட்டியல் போட ஒரு முயற்சி நடந்தது. பொதுப்பேரவை தானாக இப்படி ஒரு பட்டியலைத் திணிக்க முடியாது என்று 1927ல் ஒரு ஆணையம் சொல்லி அந்த முயற்சியை முடித்துவைத்தது.

இந்தப் பின்னணியில் 1974ல் வந்த கென்யன் வழக்கைப் பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு வாதத்திலும் அதன் நிழல் விழுந்தது. வின் கென்யன் என்ற இளைஞர் இறையியல் முடித்து பிட்ஸ்பர்க் பிரெஸ்பிடரி முன் தேர்வுக்கு வந்தார். பெண்களை அபிஷேகம் செய்வது வேதத்துக்கு ஒவ்வாது என்று தான் நம்புவதாக நேர்மையாகச் சொன்னார். வடக்குச் சபையில் 1930லிருந்து பெண்கள் மூப்பர்கள், 1956லிருந்து ஆயர்கள். "நான் தடுக்க மாட்டேன், ஆனால் என் கையால் செய்ய மாட்டேன்" என்பது அவர் நிலை. பிரெஸ்பிடரி அவரை ஏற்றது. சபையின் உச்ச நீதி ஆணையம் அதை ரத்து செய்தது. பெண்களின் சமத்துவம் அமைப்புச் சட்டத்தில் இருக்கிறது, அதை மீறுகிற உறுத்தலை மன்னிக்கப் பிரெஸ்பிடரிக்கு அதிகாரம் இல்லை என்றது தீர்ப்பு. முற்போக்காளர்கள் மகிழ்ந்தார்கள். பழமைவாதிகள் பலர் மனம் கசந்து வெளியேறினார்கள். உள்ளூர் மன்றத்தின் முடிவை மேலிருந்து கவிழ்க்கலாம் என்ற கத்தி அன்று தீட்டப்பட்டது. அது எந்தப் பக்கமும் வெட்டும் என்பது நான்கே வருடத்தில் தெரிந்தது.

1976ல் நியூயார்க் நகரப் பிரெஸ்பிடரிக்கு ஒரு சிக்கல். தான் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு மாணவர் அபிஷேகத்துக்கு வந்து நின்றார். என்ன செய்வது என்று பொதுப்பேரவையிடம் வழிகாட்டுதல் கேட்டார்கள். கேட்காமலே முடிவெடுத்திருக்கலாம், உரிமை அவர்களுடையதுதான். கேட்டதால் ஒரு குழு அமைந்தது. குழுவில் பெரும்பான்மையோர் அந்தந்தப் பிரெஸ்பிடரியே தீர்மானிக்கட்டும் என்று அறிக்கை தந்தார்கள். 1978ல் சான் டியேகோவில் கூடிய பேரவை அதை ஒதுக்கிவிட்டு, மனந்திரும்பாத தன்பாலுறவு வாழ்க்கை அபிஷேகத்துக்கு ஏற்றதல்ல என்று 'திட்டவட்டமான வழிகாட்டுதல்' என்ற பெயரில் சொன்னது. தன்பாலீர்ப்பாளர்கள் மீதான சமூக வெறுப்பைக் கண்டிக்கவும் செய்தது. ஒரு ஆலோசனை கேட்டால் ஆலோசனைதானே வரும்? ஆனால் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் கொஞ்ச நாளில் எல்லாரையும் கட்டுப்படுத்துகிற சட்டமாக வாசிக்கப்பட்டது. தெற்குச் சபையும் அடுத்த வருடமே இதே வழியில் போயிற்று.

எண்பதுகள் ஒப்பீட்டில் அமைதி. இதை ஏற்காத சில சபைகள் தங்களை 'மோர் லைட்' சபைகள் என்று அழைத்துக்கொண்டு எதிர்ப்பைப் பதிவு செய்தன. 1991ல் பாலியல் பற்றிய ஒரு தாராளவாத அறிக்கையைப் பால்டிமோர் பேரவை 534க்கு 31 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. பேரவையின் மனநிலை அன்று எங்கே இருந்தது என்பதற்கு அந்த எண்ணே போதும். அதே வருடம், நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் ஒரு சபை ஜேனி ஸ்பார் என்ற பெண் ஆயரைத் தங்கள் ஆயர்களில் ஒருவராக அழைத்தது. அவர் தன்பாலீர்ப்பாளர், 1978க்கு முன்பே அபிஷேகம் பெற்றவர். அடுத்த வருடம் உச்ச நீதி ஆணையம் அந்த அழைப்பைச் செல்லாது என்றது. அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நாடு முழுக்கச் சபை சபையாகப் பேசுகிற ஊழியம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயர் மறுபடி வரும்.

பழமைவாதிகளுக்கு ஒரு கவலை இருந்தது. 1978 வாசகம் வெறும் விளக்கம், நாளைக்கு இன்னொரு பேரவை அதை மாற்றி எழுதலாம். அதனால் சட்டப்புத்தகத்துக்குள்ளேயே வரியை எழுதிவிட முடிவு செய்தார்கள். 1996ல் ஆல்புகர்கி பேரவையில் தேறி, 1997ல் பிரெஸ்பிடரிகளில் 97க்கு 74 என்ற கணக்கில் சட்டமானது ஜி-6.0106பி என்ற பிரிவு. "ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமண உடன்படிக்கையில் உண்மையாக இரு, இல்லையென்றால் தனிமையில் கற்போடு இரு" என்பது அதன் சாரம்.

அதே பிரிவின் கடைசி வாக்கியத்தை யாரும் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். விசுவாச அறிக்கைகள் பாவம் என்று சொல்கிற எதையாவது செய்துகொண்டு, அதை ஒப்புக்கொண்டும் மனந்திரும்பாதவர்களை அபிஷேகம் செய்யக்கூடாது என்றது அது. விசுவாச அறிக்கைகள் எதையெல்லாம் பாவம் என்கின்றன? 1640களில் லண்டனில் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையைப் புரட்டினால் வட்டி வாங்குவது, கடவுளுக்கு உருவம் வரைவது, ஞாயிற்றுக்கிழமை தேவையில்லாமல் தொழிலையும் பொழுதுபோக்கையும் பற்றி நினைப்பது எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வண்ணக் கண்ணாடியில் இயேசுவை வரைந்து வைத்திருக்கிற சபைகளில், வங்கி அதிகாரிகள் மூப்பர்களாக உட்கார்ந்து, ஞாயிறு மாலை கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த நாடு அது. வலையை அகலமாக விரித்துவிட்டு ஒரே ஒரு மீனை மட்டும் எடுத்தார்கள். எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டாத கூட்டமே கிடையாது.

அதே விசுவாச அறிக்கைத் தொகுப்பில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1563ன் ஹைடெல்பெர்க் வினாவிடையில், தேவராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் யார் என்று சொல்லும் 87ஆம் கேள்வி ஒன்று உண்டு. சபையின் தொகுப்பில் இருந்த ஆங்கிலப் பெயர்ப்பு அந்தப் பட்டியலில் தன்பாலுறவையும் சொன்னது. மூல ஜெர்மனில் தேடினால் அந்தச் சொல்லே இல்லை. வினாவிடையின் நானூறாவது ஆண்டை ஒட்டி 1960களின் தொடக்கத்தில் வந்த மொழிபெயர்ப்பில், 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தின் அப்போதைய ஆங்கில வாசகத்தை எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். நாற்பது, ஐம்பது வருடம் சபை தன் பழைய அறிக்கை என்று நம்பி மேற்கோள் காட்டியது, நேற்று சேர்த்த வரி. பல வருட இழுபறிக்குப் பிறகு 2014ல் புதிய மொழிபெயர்ப்பு அதன் இடத்தைப் பிடித்தது. பழமைப் பக்கத்தின் பதில் இது: வினாவிடையில் இல்லாவிட்டால் என்ன, அது மேற்கோள் காட்டுகிற பவுலின் நிருபத்தில் இருக்கிறதே. அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் அந்த நிருபமும் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் வருகிறது. 1 கொரிந்தியர் 6:9ல் நம் பழைய தமிழ் வேதாகமம் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று சொல்கிற இடத்தில், ஆங்கிலத்தில் ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொன்று சொல்கிறது.

சட்டம் வந்த மறுவருடமே அதை மாற்ற ஒரு திருத்தம் வந்து பலமாகத் தோற்றது. 2001-02ல் இன்னொன்று, இன்னும் பலமாகத் தோற்றது. சபை களைத்துவிட்டது. இரு தரப்பிலிருந்தும் 20 பேரைப் பொறுக்கி ஒரு பணிக்குழு போட்டார்கள். எல்லாக் குழுக்களும் பிளந்த அறிக்கை தருகிற சபையில் இந்தக் குழு 2006 பேரவைக்கு ஒருமனதாக அறிக்கை தந்தது, அதுவே செய்தி. அவர்கள் கண்டுபிடித்த வழி 1729ன் பழைய வழி: சட்டம் அப்படியே இருக்கட்டும், ஆனால் ஒருவர் தன் உறுத்தலை அறிவிக்கலாம், அது இன்றியமையாததா என்று பிரெஸ்பிடரி பார்க்கட்டும். பழமைவாதிகள் கென்யனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். "அன்று எங்கள் ஆளின் உறுத்தலை மன்னிக்க முடியாது என்றீர்கள். இன்று உங்கள் ஆளுக்கு மட்டும் முடியுமா?" 2008 தொடக்கத்தில் நீதி ஆணையமும் நம்பிக்கையில் விலகலாம், நடத்தையில் விலக முடியாது என்று கதவைச் சாத்தியது. சில மாதத்தில் பொதுப்பேரவை அதே கதவைத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

ஸ்காட் ஆண்டர்சன் கதை இங்கேதான் வருகிறது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஆயராக இருந்தவர். 1990ல் சபையில் இருந்த சிலர் அவருடைய தன்பாலீர்ப்பை வெளிப்படுத்தப் போவதாக மிரட்ட, அவரே சபைக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்லிப் பதவி விலகினார். பிறகு சபைகளின் கூட்டமைப்புகளில் நிர்வாகியாக வேலை பார்த்தார். மேலே சொன்ன 20 பேர் குழுவில் அவரும் ஒருவர். வேறு சபைக்குப் போயிருக்கலாம், அவரை ஏற்றுக்கொள்ளும் சபைகள் இருந்தன. போகவில்லை. விஸ்கான்சினில் ஜான் நாக்ஸ் பிரெஸ்பிடரி முன்பு தன் உறுத்தலை அறிவித்தார், அவர்கள் ஏற்றார்கள், வழக்குகள் தொடர்ந்தன.

இதற்கிடையில் 2009ல் இன்னொரு திருத்தம் 78க்கு 94 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் வித்தியாசம் சுருங்கியதை எல்லாரும் கவனித்தார்கள். 2010ல் மினியாபொலிஸ் பேரவை அனுப்பிய 10-ஏ திருத்தம் 2011 மே 10 அன்று கரையேறியது. பேரவை கூடிய அதே நகரத்தின் ட்வின் சிட்டீஸ் பிரெஸ்பிடரி, தேவையான 87ஆவது வாக்கைத் தந்தது. பலர் நினைப்பதுபோல "தன்பாலீர்ப்பாளர்களை அபிஷேகம் செய்" என்று 10-ஏ சொல்லவில்லை. கற்பு பற்றிய வரியை எடுத்துவிட்டு, அபிஷேகம் செய்கிற மன்றம் ஒவ்வொருவரின் அழைப்பையும் தகுதியையும் வேதத்தின், அறிக்கைகளின் வழிநடத்துதலில் சோதிக்கட்டும் என்று மட்டும் சொன்னது. முடிவு பழைய உரிமையாளர்களிடமே திரும்பிப் போனது. அபிஷேகம் செய்ய மறுக்கும் பிரெஸ்பிடரி மறுக்கலாம் என்ற நிலை அன்றும் இருந்தது. அந்த அக்டோபர் 8 அன்று மேடிசனில் ஆண்டர்சன் மறுபடி ஆயரானார், விலகி 21 வருடம் கழித்து.

திருமணப் பக்கம் வேறு வேகத்தில் ஓடியது. பிரெஸ்பிடேரியன் சபை திருமண விளக்கத்தை அதற்கு முன் தொட்டதே இல்லை என்று சிலர் பேசினார்கள், அது தவறு. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 24ஆம் அதிகாரம், மனைவியின் நெருங்கிய இரத்த உறவில் யாரையும் கணவன் மணக்கக் கூடாது என்றது. அதாவது மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்டக்கூடாது. அக்கா இறந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தங்கையைக் கட்டிவைப்பதை இயல்பாக நினைக்கிற நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இது பெரும் விவாதம். வடக்குச் சபை 1887ல் அந்த வரியை நீக்கியது. அடுத்து விவாகரத்து. விபசாரம், கைவிட்டுப் போவது என்ற இரண்டு காரணங்களைத் தவிர விவாகரத்து கிடையாது என்று அறிக்கை சொன்னது. 1950களில் வடக்கும் தெற்கும் அதைத் தளர்த்தின. 1990களில் கற்பு வரிக்காகப் போராடிய மூப்பர்களிலும் ஆயர்களிலும் மறுமணம் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை எதிர்த்தரப்பு மறக்கவிடவில்லை.

வழிபாட்டு நெறிப் புத்தகத்தில், திருமணம் ஒரு பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையிலான குடிமை ஒப்பந்தம் என்று ஒரு வரி இருந்தது. யாரும் எதையும் தடுப்பதற்காக எழுதிய வரி அல்ல அது, சும்மா விவரணை. ஜேனி ஸ்பார் இரு பெண் ஜோடிகளுக்கு ஆசீர்வாதம் செய்ததற்காக அவர்மீது வழக்குப் போட்டபோது அந்த வரி சட்டமாக நின்றது. 2008ல் உச்ச நீதி ஆணையம் அவரை விடுவித்தது. காரணத்தைக் கேளுங்கள்: சபையின் விளக்கப்படி இரு பெண்களுக்கு இடையே நடப்பது திருமணமாக இருக்கவே முடியாது. இருக்கவே முடியாத ஒன்றை ஒருவர் நடத்தியதாகக் குற்றம் சாட்ட முடியாது. முயல்கொம்பைத் திருடினான் என்று வழக்குப் போட முடியாது அல்லவா? நம் தர்க்க நூல்காரர்கள் படித்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

அதே வருடம் ஜூனில், மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு அதை நிறுத்தும்வரை உள்ள சில மாதத்தில் ஸ்பார் 16 ஜோடிகளுக்கு மணம் முடித்துவைத்தார். இந்தமுறை முயலுக்கு உண்மையிலேயே கொம்பு இருந்தது, அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருந்தது. 2010ல் நாப்பாவில் விசாரணை. அவரைக் குற்றவாளி என்று தீர்த்த வட்டார ஆணையமே, சபை இந்த மக்களுக்கு இழைத்த காயத்துக்காக வருந்தியது, அவர் ஊழியத்தைப் பாராட்டியது. 2012ல் உச்ச ஆணையம் கண்டனத்தை உறுதி செய்தது. கண்டனத்தை வாசிக்க வேண்டிய அவருடைய பிரெஸ்பிடரி, வாசிக்க மாட்டோம் என்று வாக்களித்துவிட்டது. தண்டனை இருக்கிறது, நிறைவேற்ற ஆள் இல்லை. பிஷப் இல்லாத சபை என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

2012 பிட்ஸ்பர்க் பேரவையில் திருமண விளக்கத்தை மாற்றும் தீர்மானம் 338க்கு 308 என்று தோற்றது. இரண்டே வருடம் கழித்து டெட்ராய்ட்டில் 429க்கு 175 என்று வென்றது. நடுவில் என்ன நடந்தது? மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. ஆயர்கள் தங்கள் சொந்த சபைப் பிள்ளைகளுக்கே மணம் முடிக்க முடியாமல் வக்கீல் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணிசமான பழமைச் சபைகள் அதற்குள் வெளியேறியிருந்தன, பேரவையின் கணக்கும் அதனால் மாறியது. புதிய வாசகம், இரண்டு நபர்களுக்கு இடையிலான தனித்துவமான உறவு, "மரபாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" என்றது. இந்த 'மரபாக' என்ற சொல் பேரவையின் நடுவில் சமரசமாக நுழைந்தது. ஒருவருக்கு அது பழையதை மதிக்கும் சொல், இன்னொருவருக்கு அது பழையதை அருங்காட்சியகத்தில் வைக்கும் சொல். இரண்டு பேரும் ஒரே வரிக்குக் கை தூக்கினார்கள். 2015 மார்ச் 17 அன்று, நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் பிரெஸ்பிடரி 86ஆவது வாக்கை அளிக்க, அது சட்டமானது. நடைமுறைக்கு வந்தது ஜூன் 21. அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரித்தது ஜூன் 26. சபை அரசாங்கத்தின் பின்னால் ஓடியது என்று பலர் சொல்கிறார்கள். ஐந்து நாள் முன்னால் ஓடியது என்பதே நாட்காட்டி சொல்வது, ஆனால் ஓட வைத்தது மாநிலச் சட்டங்கள் என்பதையும் மறுக்க முடியாது.

வெளியேறியவர்கள் 2012 ஜனவரியில் ஆர்லாண்டோவில் கூடி 'ஈகோ' (ECO) என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். போவது சுலபமில்லை. சபைக் கட்டடம் உள்ளூர்ச் சபையின் பெயரில் இருந்தாலும் மொத்தத் திருச்சபைக்காக நம்பிக்கைச் சொத்தாக வைத்திருப்பது என்ற விதி 1980களின் தொடக்கத்திலிருந்து சட்டத்தில் இருந்தது. மணியும் மரபெஞ்சும் வேண்டுமென்றால் பேரம் பேச வேண்டும். கலிபோர்னியாவின் மென்லோ பார்க் சபை சுமார் 89 லட்சம் டாலர் கட்டிவிட்டுப் போனது. டாலஸின் ஹைலண்ட் பார்க் சபை 78 லட்சம் கட்டியது. கடல் தாண்டியும் முறிவு: 139 வருட உறவை மெக்சிகோ தேசிய பிரெஸ்பிடேரியன் சபை 2011 ஆகஸ்டில் துண்டித்தது.

1983ல் 31 லட்சம் பேர் இருந்த சபை 2023 முடிவில் சுமார் 11 லட்சம். இந்த எண்ணைக் காட்டி "பார், திருமணத்தைத் தொட்டதன் பலன்" என்பவர்கள் உண்டு. வெளியேற்றம் உண்மை, 2012க்குப் பின் அது வேகமாகவும் இருந்தது. ஆனால் சரிவு தொடங்கியது 1960களின் நடுவில், இந்தக் கேள்வி பிறப்பதற்கு முன்பே. இந்தத் திசையில் ஒரு அடியும் வைக்காத சதர்ன் பாப்டிஸ்டுகளும் பல வருடமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறார்கள். வயதான உறுப்பினர்களும் வராத பேரப்பிள்ளைகளும்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறுக்கிற ஆயருக்கு இடம் இருக்கிறது. 2015 திருத்தத்திலேயே, எந்த ஆயரும் தன் மனசாட்சிக்கு எதிராக ஒரு திருமணத்தை நடத்தக் கட்டாயம் இல்லை, எந்தச் செஷனும் கட்டடத்தைத் தரக் கட்டாயம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றும் பழமை வழியில் நிற்கும் சபைகள் உள்ளே இருக்கின்றன, குறிப்பாகக் கொரிய மொழிச் சபைகளில் பல.

ஆனால் 2024ல் சால்ட் லேக் சிட்டி பேரவை இரண்டு திருத்தங்களைப் பிரெஸ்பிடரிகளுக்கு அனுப்பியது. ஒலிம்பியா பிரெஸ்பிடரியிலிருந்து கிளம்பியவை. முதலாவது, யாரையும் பாகுபடுத்தக்கூடாது என்ற பட்டியலில் பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் சேர்ப்பது. அதில் பெரிய சச்சரவு இல்லை. இரண்டாவதுதான் சூட்டைக் கிளப்பியது: அபிஷேகத்துக்கு வருகிறவரைச் சோதிக்கும்போது இந்தப் பாகுபாடின்மைக் கொள்கையில் அவருக்குள்ள ஈடுபாட்டையும் சோதிக்க வேண்டும் என்றது அது. பழமைப் பக்கத்து இளம் மாணவர் ஒருவர் பிரெஸ்பிடரி முன் வந்து, "நான் யாரையும் தடுக்க மாட்டேன், ஆனால் அந்தத் திருமணத்தை என் கையால் நடத்த மாட்டேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஆதரித்தவர்கள் ஒன்றும் ஆகாது, சோதிக்கத்தான் சொல்கிறோம், தடுக்கச் சொல்லவில்லை என்றார்கள். எதிர்த்தவர்கள் அந்தக் கூடங்களில் எழுந்து நின்று சொன்ன பெயர், ஐம்பது வருடம் முன்பு பிட்ஸ்பர்க்கில் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்ன கென்யனுடையது.